டாஸ் போட யாரை அனுப்புவது?

கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து வயல் காலியாகிவிட்டது. அடுத்த போகமான கன்னிப்பூவுக்கு உழவு ஓட்டும்வரை, மிஞ்சிப்போனால் ஐந்தாறு வாரம், அது எங்கள் மைதானம். நெல்தாளைச் செதுக்கி, நடுவில் மட்டும் மண் கொட்டி நனைத்து உருட்டி, கால்வாய்க் கரையை ஒரு பக்க எல்லையாகவும் தென்னந்தோப்பு வேலியை மறுபக்க எல்லையாகவும் வைத்துக்கொள்வோம். கால்வாயில் பந்து விழுந்தால் நான்கு ரன்தான், பறந்து போய் விழுந்தாலும் சரி. பேச்சிப்பாறை அணையை அடைத்திருக்கும் மாதங்கள் என்பதால் பந்து ஒழுகிப் போகாது; சேற்றுக்குள் கை விட்டால் கிடைத்துவிடும்.

இந்த வருடம் முதல் பந்து வீசுவதற்குள் தீர்க்க வேண்டிய விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. 14 வருடம் எங்கள் கேப்டனாக இருந்த அண்ணன், பொங்கல் கழிந்து ஒரு நாள் மாலை பேட் பையை என் வீட்டுத் திண்ணையில் இறக்கி வைத்தார். "முட்டு வலி தாங்கவில்லை, வேறு ஆளைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த கட்டன் சாயாவைக்கூட முழுதாகக் குடிக்காமல் போய்விட்டார். வேறு ஆள் யார் என்பதில் கிளப் மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. நான்காவதாக ஒரு கூட்டம், அண்ணனையே இன்னும் ஒரு வருடம் பிடித்து நிறுத்திவிடலாம் என்கிறது. வருகிற ஞாயிறு, பூசைக்குப் போனவர்கள் திரும்பி வந்ததும் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். 18 வருடமாக ஸ்கோர் நோட்டு என் கையில் இருக்கிறது. செயலாளர் என்ற பெயரும் எப்படியோ ஒட்டிக்கொண்டது. அதனால் என் கணக்கை முன்கூட்டியே எழுதிவைக்கிறேன். இதே நான்கு பேர் கன்னியாகுமரி மாவட்டத்தின் எந்த டென்னிஸ் பந்து கிளப்பிலும் இருப்பார்கள் என்பது என் அனுமானம். கடற்கரைக்காரர்களை மட்டும் விட்டுவிடலாம். தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் கால்பந்துதான் ஆட்டம். அங்கே பந்து நிற்பதே இல்லை, கேப்டன் உட்கார்ந்து யோசிக்க நேரமும் இல்லை. கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே அரை நிமிடம் கிடக்கிறது. கேப்டனின் வேலை அந்த அரை நிமிடத்தில்தான்; ஆளைக் கெடுப்பதும் அதுதான்.

தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியவர்களுக்குக் கேப்டன் என்றால் நாணயம் சுண்டுகிறவன். எங்கள் ஊரில் அந்தப் பதவியின் பெரும்பகுதி டாஸுக்கு முன்பே நடந்து முடிந்துவிடும். ஞாயிறு இரண்டு மணிக்கு 15 பேர் வந்து நிற்பார்கள். ஆடப்போவது 11 பேர். உட்கார வேண்டிய நால்வரில் ஒருவனுடைய மாமா பந்தல் போட்டுக் கொடுத்தவர். இன்னொருவன் நுழைவுக் கட்டணத்தில் பாதியைத் தன் கையிலிருந்து போட்டவன். மூன்றாமவன் கேப்டனுக்கே சித்தப்பா மகனாக இருப்பான். அவன் முகத்தைப் பார்த்து இன்று நீ இல்லை என்று சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறும் அவன் வருகிற மாதிரிச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் எட்டு ஓவரை யாருக்கு எப்படிப் பங்கு வைப்பது, எதிரணி ஆளே நடுவராக நிற்கும்போது எதற்கு வாயைத் திறப்பது, எதற்கு மூடிக்கொள்வது என்ற மற்ற கதையெல்லாம்.

கிளப்பில் எல்லாரும் கேட்பது, கேப்டன் பதவிக்கான நால்வரில் கெட்டிக்காரன் யார் என்று. நான் வேறு மாதிரி கேட்டுப் பார்க்கிறேன். இந்தப் பதவி அவனிடமிருந்து எதைத் தின்னும்? அது போனால் எங்களால் தாங்க முடியுமா?

முதல் ஆள் எங்கள் தொடக்க ஆட்டக்காரன். இடக்கையன். திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க்கில் வேலை, வெள்ளி இரவு ஊருக்கு வந்து ஞாயிறு இரவு திரும்பிப் போகிறவன். இந்த வட்டாரத்தில் அவனைப் போல் கவர் பக்கம் அடிக்கிறவன் இல்லை. பையன்களுக்கு அவன்தான் வேண்டும். நன்றாக அடிக்கிறவனிடம் பட்டத்தைக் கொடுப்பது ஊர் வழக்கம். ஊர் மட்டுமல்ல, நாடே அப்படித்தான் செய்தது. 1996இல் சச்சினிடம் கேப்டன் பதவியைக் கொடுத்தபோது அவருக்கு 23 வயது. இரண்டு தடவையாக மொத்தம் 25 டெஸ்டுகளுக்குத் தலைமை தாங்கினார், வென்றது 4. ரன் வறண்டுபோகவில்லை, கேப்டனாக அவருடைய டெஸ்ட் சராசரி 50க்கு மேல்தான். ஆனால் 1997இல் பார்படோஸில் 120 ரன் அடித்தால் வெற்றி என்ற நிலையில் அணி 81க்குச் சுருண்டது. தானே அடித்துவிடுகிற ஒருவருக்கு, மற்றவன் ஏன் அடிக்கவில்லை என்பது புரியாத கணக்காகவே இருக்கும் என்று எனக்குத் தோன்றும். இரண்டாவது தடவை பதவியை அவரே விட்டுவிட்டார்.

இன்னும் பக்கத்து உதாரணம் வேண்டுமானால் ஜடேஜா. 2022இல் சென்னை அணியின் பொறுப்பைத் தோனி அவரிடம் கொடுத்தார். எட்டு ஆட்டம், ஆறு தோல்வி. ஜடேஜாவின் மட்டையும் பந்தும் சேர்ந்து படுத்துவிட்டன. நடுவிலேயே பதவியைத் திருப்பிக் கொடுத்தார். மறு வருடம் அகமதாபாத் இறுதி ஆட்டத்தில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் தேவை. ஒரு சிக்சர், ஒரு பவுண்டரி. கோப்பையை அடித்துக் கொடுத்தவர் அதே ஜடேஜா, தோளில் பாரம் இல்லாத ஜடேஜா.

இதற்கு எதிர்வாதம் உண்டு என்பதை மறைக்கவில்லை. டெஸ்டில் கோலி அடித்த ஏழு இரட்டைச் சதமும் அவர் கேப்டனாக இருந்தபோது வந்தவை. 68 டெஸ்டில் 40 வெற்றி. பதவி அவரைத் தின்னவில்லை, அவர்தான் பதவியைத் தின்று கொழுத்தார். ஆக, மட்டையாளனுக்குப் பொறுப்புக் கொடுக்கக் கூடாது என்று பொதுவாக அடித்துச் சொல்ல முடியாது. எங்கள் ஆள் சச்சின் பக்கமா, கோலி பக்கமா என்றுதான் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு நாள் சாட்சி என்னிடம் இருக்கிறது. போன வருடம் மார்த்தாண்டம் பக்கம் ஒரு போட்டி. அண்ணன் வீட்டில் கல்யாணம், அதனால் இவன்தான் கேப்டன். 70 ரன் துரத்துகிறோம். மூன்று ஓவருக்குள் எதிர்முனையில் மூன்று பேர் போய்விட்டார்கள். நான்காவது ஓவரில் பந்து வீசுகிறவன் ஓடி வரத் தொடங்கிய பிறகும் இவன் தலை எங்கள் பந்தல் பக்கம் திரும்பியிருந்தது. அடுத்து யார் காலில் பேட் கட்டியிருக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பந்தைத் தடுத்தான். அடுத்த பந்துக்கு முன் விரலால் 'அவன் வேண்டாம், இவனை அனுப்பு' என்று சைகை. அதற்கடுத்த பந்தில் மிட் விக்கெட்டில் கேட்ச். திரும்பி வரும்போது தான் அவுட்டானதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆறாவதாக வரச் சொன்னவன் ஏன் சட்டை மாற்றாமல் நிற்கிறான் என்று கத்திக்கொண்டே வந்தான். ஸ்கோர் நோட்டில் அவன் பெயருக்கு நேரே 19 என்று எழுதும்போது, இது அவனுடைய 19 இல்லை, அவன் தூக்கிக்கொண்டிருந்த பத்துப் பேருடைய 19 என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ஆட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாமா என்று கேட்பார்கள். சொல்லக்கூடாதுதான். ஆனாலும் எட்டு ஓவர் ஆட்டத்தில் பாதி ரன் இவன் மட்டையிலிருந்து வருகிறது. அதில் கை வைக்கிற தைரியம் எனக்கு இல்லை. போட்டிக்குப் பெயர் கொடுக்கிற வேலை, பணம் பிரிக்கிற வேலை எல்லாம் புதன், வியாழனில் நடப்பவை. அப்போது அவன் கழக்கூட்டத்தில் கணினி முன் இருப்பான்.

அண்ணனையே நீட்டிக்கலாம் என்கிறவர்களிடமும் வரலாறு இருக்கிறது, அதுவும் நல்ல வரலாறு. மைக் பிரேர்லி என்று இங்கிலாந்துக்கு ஒரு கேப்டன். 39 டெஸ்ட் ஆடியவர், ஒரு சதம்கூட இல்லை, சராசரி 23ஐத் தொடவில்லை. மட்டையை மட்டும் பார்த்தால் அணியில் இடமே கிடையாது. ஆனால் தலைமை தாங்கிய 31 டெஸ்டில் 18 வெற்றி, நான்கே தோல்வி. 1981இல் போத்தம் கேப்டனாக 12 டெஸ்ட் ஆடி ஒன்றிலும் வெல்லாமல், லார்ட்ஸில் இரண்டு இன்னிங்சிலும் முட்டை வாங்கி, பதவியை விட்டார். கூப்பிட்டது ஏற்கெனவே ஒதுங்கியிருந்த பிரேர்லியை. அடுத்த டெஸ்ட் ஹெடிங்லியில். ஃபாலோ ஆன் வாங்கிய இங்கிலாந்து, போத்தம் ஆட்டமிழக்காமல் அடித்த 149இலும் வில்லிஸ் எடுத்த 8 விக்கெட்டிலும் 18 ரன்னில் வென்றது. பதவி போனதும் பழைய போத்தம் திரும்பி வந்துவிட்டார். பிரேர்லி பிற்பாடு உளப்பகுப்பாய்வாளர் ஆனார். ஆளைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது பொருத்தமான உத்தியோகம்தான்.

அண்ணனும் ஆளைப் படிக்கத் தெரிந்தவர். யாருக்கு வீட்டில் சண்டை, யாருக்குக் கடன் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். சிக்கல் வேறு இடத்தில். பிரேர்லி கீப்பருக்குப் பக்கத்தில், முதல் ஸ்லிப்பில் நின்று நல்ல கேட்ச் பிடிப்பார். எட்டு ஓவர் டென்னிஸ் பந்து ஆட்டத்தில் ஸ்லிப் என்ற இடமே கிடையாது. ஓடாத ஆளை ஒளித்து வைக்க வயலில் மூலை இல்லை. எதிரணிக்காரன் இரண்டாவது ஓவரிலேயே அண்ணன் நிற்கிற பக்கத்தைக் கண்டுபிடித்து அந்தப் பக்கமே தட்டிவிட்டு இரண்டு இரண்டாக ஓடுகிறான். மிச்சம் இருக்கிறது அவருடைய முட்டு. போதும் என்று அவரே சொல்லிவிட்ட பிறகு காலைப் பிடிப்பது மரியாதை இல்லை. அவர் பந்தலில் உட்கார்ந்து சொல்லட்டும். அந்தக் குரல் வேண்டும்.

இனி கீப்பர். டெம்போ ஓட்டுகிறவன், செவ்வாழையும் மட்டியும் ஏற்றிக்கொண்டு சந்தை சந்தையாகப் போகிறவன். கீப்பருக்குக் கேப்டன் பட்டம் என்றதும் தமிழ்நாட்டில் வேறு பேச்சே தேவையில்லை, தோனியின் படத்தைக் காட்டினால் போதும். ராஞ்சியில் பள்ளி நாட்களில் கால்பந்து கோல்கீப்பர், பிறகு கரக்பூரில் ரயில்வே டிக்கெட் பரிசோதகர், 2004 டிசம்பரில் முதல் ஒருநாள் ஆட்டத்தில் ரன் அவுட்டாகி முட்டை. மூன்று வருடம் கழிவதற்குள் இருபது ஓவர் உலகக் கோப்பை அணிக்குக் கேப்டன். 2007 இறுதி ஆட்டத்தின் கடைசி ஓவரை ஜோகிந்தர் சர்மாவிடம் கொடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பிடித்தது, அதே போட்டியில் டர்பனில் பாகிஸ்தானுடன் சமனாகி, ஸ்டம்பைக் குறிபார்த்து வீசி வெற்றியைத் தீர்மானித்த அந்தச் சில நிமிடங்கள். தோனி ஸ்டம்புக்கு நேர் பின்னால் முழங்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். வீசுகிறவன் ஸ்டம்பைத் தேட வேண்டாம், கேப்டனைப் பார்த்து வீசினால் போதும். சேவாக், ஹர்பஜன், உத்தப்பா மூவரும் அடித்தார்கள். எதிர்ப்பக்கத்துக் கீப்பர் வழக்கம்போல் ஒதுங்கி நின்றார். கோணம் என்பது கீப்பருக்கு மட்டும் தெரிகிற விஷயம். நாங்கள் பந்தலில் உட்கார்ந்து எவ்வளவு கத்தினாலும் அது எங்களுக்குத் தெரியாது.

எங்கள் கீப்பருக்கும் அந்தக் கண் இருக்கிறது. மட்டையாளனின் கால் நகர்வைப் பார்த்து, பந்து வீசுவதற்கு முன்பே ஆளை நான்கு அடி தள்ளி நிறுத்துவான். ஆனால் பந்து வீசுகிறவனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் இருபது எட்டு நடந்து போய்த் திரும்ப வேண்டும். நடப்பதற்குப் பதில் கத்துவான். அவன் கத்தினால் வேலிக்கு அப்பால் தேங்காய் பறிக்கிறவரும் திரும்பிப் பார்ப்பார். அடுத்தது அவன் கோபம். தோனியே 2019இல் ஜெய்ப்பூரில், ஒரு நோ பாலுக்காக, அவுட்டாகிப் போனவர் மறுபடி மைதானத்துக்குள் நுழைந்து நடுவர்களிடம் வாதாடினார். ஆட்டச் சம்பளத்தில் பாதி அபராதம். அத்தனை வருடத்தில் அவருக்கு அது ஒரு நாள். எங்கள் கீப்பருக்கு வாராவாரம். போன சீசனில் ஒரு வைடுக்காக நடந்த வாக்குவாதத்தில் கால் மணி நேரம் போய், கடைசி ஓவரை இருட்டில் ஆடினோம். பந்து கண்ணுக்குத் தெரியாமல் தோற்றோம்.

எல்லைக்கு அப்புறம் விழிஞ்ஞம் பக்கத்துப் பிள்ளை சஞ்சு சாம்சனையும் சிலர் உதாரணம் சொல்கிறார்கள். கீப்பர், ராஜஸ்தான் அணிக்குக் கேப்டனாக இருந்தவர். 2021இல் கேப்டனாக முதல் ஆட்டத்தில் 119 அடித்தார். கடைசிக்கு முந்தின பந்தில் ஓட மறுத்து மோரிஸைத் திருப்பி அனுப்பினார். கடைசிப் பந்தில் கேட்ச் கொடுத்தார். நான்கு ரன்னில் தோல்வி. அது தவறு என்று இன்றும் சாயாக்கடையில் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. 119 அடித்து நிற்கிறவன் தன்னை நம்பாமல் வேறு யாரை நம்புவான்? அதில் கீப்பருக்கான பாடம் ஒன்றும் இல்லை, மட்டையாளன் கதைதான் அதுவும்.

நான்காவது ஆள் வேகப்பந்து வீசுகிறவன். இவன் பெயரை நான் எடுத்ததும் சாயாக்கடையில் சிரித்தார்கள். பந்து வீச்சாளனைக் கேப்டனாக்க இந்த நாட்டுக்கே மனம் வராது. 537 டெஸ்ட் விக்கெட் எடுத்த அஸ்வின் இந்திய அணிக்கு ஒரு டெஸ்டில்கூடத் தலைமை தாங்காமலே ஓய்வு பெற்றார். அதற்குச் சொல்லப்படுகிற காரணம் நியாயமானதுதான். வீசுகிறவனே கேப்டனானால் தனக்கு எத்தனை ஓவர் கொடுப்பது என்று தெரியாது. ஒன்று அளவுக்கு மேல் வீசிச் சாவான், அல்லது கூச்சப்பட்டு வீசாமல் விடுவான்.

கபில்தேவைப் பாருங்கள். 1983 ஜூனில் ஜிம்பாப்வேயிடம் 17 ரன்னுக்கு 5 விக்கெட் என்று கிடந்த அணியை ஆட்டமிழக்காத 175 ரன்னில் தூக்கி நிறுத்தியவர். ஒரு வாரத்தில் லார்ட்ஸில் கோப்பை. அதே வருடம் நவம்பரில், அகமதாபாத்தில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஒரே இன்னிங்சில் 83 ரன் கொடுத்து 9 விக்கெட் எடுத்தார். அந்த டெஸ்டில் இந்தியா தோற்றது. ஒரு கேப்டன் அதற்கு மேல் என்னதான் வீச முடியும்? பும்ராவின் கதை இன்னும் புதிது. 2024 நவம்பரில் பெர்த்தில் தலைமை தாங்கி 295 ரன்னில் வென்றார். ஜனவரியில் சிட்னியில் மறுபடி கேப்டன். இரண்டாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது, மைதானத்தை விட்டு ஸ்கேன் எடுக்கப் போனார். இரண்டாவது இன்னிங்சில் ஒரு பந்துகூட வீச முடியவில்லை. அணி கேப்டனையும் இழந்தது, முதல் வீச்சாளனையும் இழந்தது, இரண்டும் ஒரே முதுகில் இருந்ததால். பேட் கம்மின்ஸ் 2023இல் டெஸ்ட் உலகப் பட்டத்தையும் அகமதாபாத்தில் நம்மை அழவைத்து உலகக் கோப்பையையும் எடுத்துப் போனார், உண்மைதான். ஆனால் அவரைப் போல் எத்தனை பேர்?

இந்த வாதம் முழுவதும் ஐந்து நாள் ஆட்டத்துக்கு உரியது. எங்களுக்கு எட்டு ஓவர். ஒருவனுக்கு இரண்டு ஓவர்தான் என்று விதியே இருக்கிறது. கபிலைத் தின்றது, பும்ராவின் முதுகை ஒடித்தது எதுவோ, அதற்கு எங்கள் வயலில் வழியே இல்லை. பன்னிரண்டு பந்துக்கு மேல் வீச ஆசைப்பட்டாலும் நடுவர் விடமாட்டார். முதல் ஓவர், கடைசிக்கு முந்தின ஓவர் என்று இவனுடைய இரண்டும் வருடக்கணக்காக எழுதிவைத்த மாதிரி நடக்கிறது. மிச்ச ஆறு ஓவரும் மிட் ஆஃபில் நிற்கிறான். வீசுகிறவனுக்கு எட்டு அடி தூரம். அடி வாங்கினவன் தலை குனிந்து திரும்பி நடக்கிற அந்த அரை நிமிடத்தில், கூடவே நடந்து பேசக்கூடிய இடம் மைதானத்தில் அது ஒன்றுதான்.

பேசுவானா என்பது கேள்வி. இவன் வாய் திறந்து மூன்று வாக்கியம் சேர்ந்தாற்போல் நான் கேட்டதில்லை. ரப்பர் பால் வெட்டுகிறவன். விடியலுக்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு குலசேகரம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடுவான். அந்தத் தொழிலில் யாரும் துணை இல்லை, மரம்தான். ஆனால் அதில் இருட்டிலேயே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இன்று வெட்டலாமா, மழை வருமா? வெட்டிய பிறகு மழை வந்தால் சிரட்டையில் பாலோடு தண்ணீர் கலந்து அன்றைய கூலி மரத்தடியில் ஓடிவிடும். வெட்டாமல் விட்டு வெயில் அடித்தால் முதலாளி முகத்தில் விழிக்க முடியாது. தினமும் நான்கு மணிக்கு வானத்தைப் பார்த்து, யாரிடமும் கேட்காமல், சரியோ தவறோ ஒன்றைச் சொல்லி அதற்குப் பொறுப்பும் ஏற்கிறவன் எங்கள் கிளப்பில் வேறு யார்? மாசி, பங்குனியில் மரம் இலை உதிர்த்து நிற்கும்போது வெட்டு நிறுத்தியிருப்பார்கள். அறுத்த வயலில் எங்கள் ஆட்டம் தொடங்குகிற நேரமும் அதுதான்.

ஒரு ஆடி மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடப் போனோம். முப்பந்தல் காற்றாலைகள் எல்லாம் வெறி பிடித்துச் சுற்றுகிற மாதம்; கணவாய்க்குள் நுழைகிற மேல்காற்றில் தொப்பி நிற்காது. காற்றுக்கு முதுகு கொடுத்து வீசினால் வேகம் கிடைக்கும் என்று அண்ணன் இவனை மேற்கு முனையில் நிறுத்தினார். இரண்டு பந்து பறந்தது. பந்து பழுதில்லை, பின்பக்கம் தூக்கிவிட்ட பந்தைக் காற்று சுமந்து போய் எல்லைக்கு அப்பால் போட்டது. இவன் ஒன்றும் சொல்லாமல் ஓவரை முடித்துவிட்டு, அண்ணனிடம் போய், "அடுத்ததைக் கீழ்முனையிலிருந்து போடுகிறேன்" என்றான். காற்றை எதிர்த்து, மெதுவாக. பின்பக்கம் தூக்கிய பந்துகள் மேலே போய் அங்கேயே தயங்கி நின்று உள்ளே விழுந்தன. ஒரு ஓவரில் மூன்று கேட்ச்.

இது ஜெயித்த கதை. என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது தோற்ற கதை. போன வருட அரையிறுதி, கடைசி ஓவர், எதிரணிக்கு 9 ரன் வேண்டும். இவனுக்கு ஒரு ஓவர் மீதி இருந்தது. அண்ணன் பந்தை நீட்டினார். "தோள் தூக்கவில்லை அண்ணா. நான் போட்டால் ஃபுல் டாஸ் விழும். சின்னவனிடம் கொடுங்கள்." சின்னவனுக்கு 17 வயது, பிளஸ் டூ. தன் கை இன்று ஆகாது என்று அத்தனை பேர் முன்னால் சொல்வதற்கு எங்கள் கிளப்பில் யாருக்கும் வராது, எனக்கும் வராது. மிட் ஆஃபில் நின்று ஒவ்வொரு பந்துக்கும் இடையில் அவன் பக்கத்தில் போனான், ஏதோ சொன்னான், அவன் முழங்கை மண்ணைத் தட்டிவிட்டான். நான்கு பந்தில் நான்கு ரன். ஐந்தாவது பந்து தென்னந்தோப்புக்குள் போய்விட்டது. முடிந்தது.

எல்லாரும் பேட்டையும் ஸ்டம்பையும் வாரிக்கொண்டு கிளம்பிவிட்டோம். சின்னவன் கால்வாய்க் கரையில் உட்கார்ந்திருந்தான். நோட்டை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் இவன் உட்கார்ந்திருக்கிறான். இருவருக்கும் நடுவே பந்து. பேசுவதாகத் தெரியவில்லை. விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அப்படியே இருந்தார்கள். அடுத்த ஞாயிறு சின்னவன் வந்தான். அதுதான் எனக்குக் கணக்கு. எத்தனை நல்ல பையன்கள் ஒரு ஓவரில் அடி வாங்கிவிட்டு அப்புறம் வராமலே போயிருக்கிறார்கள் என்பது என் நோட்டின் பழைய பக்கங்களில் இருக்கிறது.

அதனால் என் ஓட்டு இவனுக்கு. கீப்பர் துணைக் கேப்டனாக இருந்து ஆட்களை நகர்த்தட்டும். கோலி கேப்டனாக இருந்த ஒருநாள் ஆட்டங்களில் கடைசி ஓவர்களில் கோலி எல்லையில் நிற்க, உள்வட்டத்தைத் தோனி பார்த்துக்கொண்டதை எல்லாரும் பார்த்தோம். அதில் யாருக்கும் கௌரவம் குறையவில்லை. நடுவரிடம் பேசுகிற உரிமை மட்டும் கீப்பருக்குக் கிடையாது என்று தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் தகவல் போடுவது, நுழைவுக் கட்டணம் கட்டுவது இவனுக்கு வராது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உட்கார வைக்கப்படுகிறவனிடம் சொல்கிற வேலை இவனுக்கு வருமா என்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் பயம் இருக்கிறது. சுருக்கமாகச் சொல்வான், மூன்று வாக்கியத்துக்கு மேல் போகாது. ஒருவேளை அதுவே நல்லதாக இருக்கலாம்.

மிச்சம் இருப்பது தொடக்க ஆட்டக்காரன். பட்டம் தனக்குத்தான் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான், பையன்களும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆளை மாற்றுவதில் நம் கிரிக்கெட்டுக்கு நல்ல பெயர் கிடையாது. சென்னைக்காரர் வெங்கட்ராகவன் 1975, 1979 இரண்டு உலகக் கோப்பைக்கும் கேப்டன். 1979 இங்கிலாந்துப் பயணத்தின் கடைசி டெஸ்டில், ஓவலில், 438 ரன்னைத் துரத்தி 9 ரன் குறைவாக டிராவில் முடிந்தது. ஊர் திரும்பும் விமானத்தில், இனி கவாஸ்கர்தான் கேப்டன் என்ற செய்தியை விமானி ஒலிபெருக்கியில் அறிவித்தார். அதே விமானத்தில் வெங்கட் உட்கார்ந்திருந்தார். பத்து வருடம் கழித்து ஸ்ரீகாந்த், பாகிஸ்தானில் நான்கு டெஸ்டையும் தோற்காமல் டிரா செய்துவிட்டு வந்தார்; பதவியும் போயிற்று, அதன் பிறகு டெஸ்ட் ஆடவே இல்லை.

ஞாயிறு கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அவன் இதைக் கேட்கக் கூடாது. வெள்ளி இரவு ஒன்பதரை பஸ்ஸில் வந்து சந்திப்பில் இறங்குவான். ரொட்டிக்கடை மூடுவதற்குள் நான் அங்கே போய் நிற்க வேண்டும். முதல் வாக்கியம் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை, "மக்களே, சாப்பிட்டாயா?" என்று தொடங்கலாம் என்றிருக்கிறேன்.